பேருருவமும் பெருவலியும்

தொழில்முறை மல்யுத்தத்தின் வரலாற்றை எழுத முற்படும் எவரும் ஒரு பெயரைத் தவிர்த்துவிட முடியாது. அப்பெயர் ஆந்த்ரே ரெனே ருசிமோஃப். மல்யுத்த உலகம் அவரை 'ஆந்த்ரே தி ஜயண்ட்', அதாவது 'பேருருவர் ஆந்த்ரே' என்று அழைத்தது. அவருடைய உயரம் 2.24 மீட்டர் என்றும் எடை 236 கிலோகிராம் என்றும் விளம்பரங்கள் அறிவித்தன. அவரைக் காண்பதற்காகவே பல நாடுகளில் மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு அரங்குகளில் திரண்டனர். ஆயினும், எந்த உடலைக் கண்டு அவர்கள் வியந்தார்களோ, அந்த உடல் ஒரு நோயினால் உருவானது என்பதை அவர்களுள் பலர் அறிந்திருக்கவில்லை. 46ஆம் வயதில் அந்த உடலே அவருக்குக் கூற்றுவனாக அமைந்தது. ஆந்த்ரேயின் வாழ்க்கை ஒரு வீரரின் வெற்றிக் கதை மட்டுமன்று. கேளிக்கைக்காக ஒரு மனிதர் கொடுத்த விலையின் கதையுமாகும்.

சிற்றூரில் வளர்ந்த சிறுவன்

ஆந்த்ரே 1946ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசுக்குக் கிழக்கே உள்ள கூலோமியே என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை போரிஸ் பல்கேரியாவிலிருந்தும் தாயார் மரியான் போலந்திலிருந்தும் பிரான்சுக்குக் குடியேறியவர்கள். ஐந்து பிள்ளைகளுள் ஆந்த்ரே மூன்றாமவர். மொலியன் என்னும் சிற்றூரில் அக்குடும்பம் விவசாயம் செய்து வாழ்ந்தது. வீட்டில் அனைவரும் ஆந்த்ரேயைத் 'தெதே' என்று செல்லமாக அழைத்தனர்.

வயதுக்கு மீறிய வளர்ச்சி அவரிடம் இளமையிலேயே தென்பட்டது. பதின்ம வயதில் அவர் உடன் பயின்றவர்களை எல்லாம் விஞ்சி நின்றார். பள்ளிப் படிப்பை 14ஆம் வயதில் நிறுத்திக்கொண்டு தந்தைக்கு உதவியாக வயலில் இறங்கினார். பின்னர்த் தச்சுத் தொழில் கற்றார். தொழிற்சாலையிலும் வேலை செய்தார். உழைப்புக்கு அஞ்சாதவர் என்று பெயர் எடுத்தாலும், சிற்றூர் வாழ்க்கை அவருடைய மனத்தை நிறைக்கவில்லை. பதினெட்டு வயதை எட்டும் வேளையில் அவர் பாரிஸ் நகரத்தை நோக்கிப் புறப்பட்டார்.

அக்காலத்தில் பிரான்சில் மல்யுத்தம் மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்தது. தொலைக்காட்சியிலும் அது ஒளிபரப்பானது. ஆந்த்ரேயின் உருவத்தைக் கண்ட போட்டி அமைப்பாளர் ஒருவர் அவருக்குப் பயிற்சி அளிக்க முன்வந்தார். பகலில் வீட்டுப் பொருள்களை இடம் மாற்றும் வேலையும் இரவில் மல்யுத்தப் பயிற்சியுமாக அவருடைய நாள்கள் கழிந்தன. உடல் பருத்தவர் மெதுவாகத்தான் இயங்குவார் என்ற எண்ணத்தை அவர் பொய்யாக்கினார். இளமைக் காலத்தில் அவர் மேடையில் துள்ளிக் குதித்து, காற்றில் எழுந்து உதைக்கும் அளவுக்குச் சுறுசுறுப்பாக இருந்தார்.

மோதலா, நாடகமா?

ஆந்த்ரே நுழைந்த தொழிலின் இயல்பை அறிந்தால்தான் அவருடைய வாழ்க்கையை நாம் சரியாகப் புரிந்துகொள்ள இயலும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஊர் ஊராகச் செல்லும் கேளிக்கைச் சந்தைகள் இருந்தன. அங்கே மல்யுத்த வீரர்கள் உள்ளூர்க்காரர்களைப் போட்டிக்கு அழைப்பர். மக்கள் பந்தயம் கட்டுவர். பணம் புரளும் இடத்தில் சூழ்ச்சியும் புகுந்தது. வெற்றி தோல்வியை முன்கூட்டியே முடிவு செய்யும் வழக்கம் மெல்ல மெல்ல வேரூன்றியது.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. உண்மையான மல்யுத்தப் போட்டி மணிக்கணக்கில் நீளக்கூடியது. 1908ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் ஃபிராங்க் காட்ச், ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட் ஆகிய இருவருக்கும் இடையே நடந்த புகழ்பெற்ற போட்டி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீடித்தது. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அசையாமல் நிற்பதைக் காணப் பொதுமக்களுக்குப் பொறுமை இல்லை. எனவே, 1920ஆம் ஆண்டுகளில் போட்டியின் நேரம் குறைக்கப்பட்டது. விறுவிறுப்பான பிடிகளும் வீச்சுகளும் சேர்க்கப்பட்டன. நல்லவன், தீயவன் என்ற பாத்திரங்களும் இடம்பெற்றன. இவ்வாறு மல்யுத்தம் விளையாட்டும் நாடகமும் கலந்த கலையாக உருமாறியது. ஆனால், அது நாடகம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது அத்தொழிலில் எழுதப்படாத சட்டமாக இருந்தது.

தொலைக்காட்சி வந்த பிறகு இக்கலை வீடுதோறும் நுழைந்தது. 1950ஆம் ஆண்டுகளில் 'கோர்ஜஸ் ஜார்ஜ்' என்னும் வீரர் சுருட்டிய பொன்னிற முடியும் பளபளக்கும் அங்கியும் அணிந்து, நறுமணம் தெளித்த மேடையில் வலம் வந்தார். மக்கள் அவரைத் திட்டுவதற்காகவே கூடினர். அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதல் நட்சத்திரங்களுள் ஒருவராக அவர் விளங்கினார். ஆயினும், 1963ஆம் ஆண்டு தம் 48ஆம் வயதில் மாரடைப்பால் அவர் காலமானார். பிற்காலத்தில் பல வீரர்கள் பயணம் செய்யவிருந்த துயரப் பாதையில் அவர் முன்னரே சென்றுவிட்டார் என்று கூறலாம்.

முடிவு முன்பே தெரியும் என்பதால் மல்யுத்தத்தில் வலி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மல்யுத்த மேடை எஃகுச் சட்டத்தின்மேல் மரப்பலகைகளை அடுக்கி, அவற்றின்மேல் மெல்லிய மெத்தையும் கித்தான் துணியும் விரித்து அமைக்கப்படுகிறது. அதில் விழும் வீரர் முகவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படுமாறு விழக் கற்றுக்கொள்கிறார். இதனால் அடி ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. அடி பரவினாலும் மறைந்துவிடுவதில்லை. நாள்தோறும் விழுந்து எழும் உடலில் முதுகெலும்பும் மூட்டுகளும் தேய்கின்றன. மேலும், தூக்கி எறியப்படும் வீரர் தம் உயிரையே எதிராளியின் கைகளில் ஒப்படைக்கிறார். மேடையில் பகைவராகத் தோன்றும் இருவர், உண்மையில் ஒருவரை ஒருவர் நம்பியே ஆடுகின்றனர்.

ஊர் ஊராகச் சென்ற பேருருவம்

ஆந்த்ரேயின் புகழ் வளரத் துணைநின்றவர்களுள் ஃபிராங்க் வாலுவா குறிப்பிடத்தக்கவர். கனடா நாட்டைச் சேர்ந்த இம்மல்யுத்த வீரர் ஆந்த்ரேயின் வழிகாட்டியாகவும் மேலாளராகவும் விளங்கினார். பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எனப் பல நாடுகளின் மேடைகளில் ஆந்த்ரே ஏறினார். 1970ஆம் ஆண்டு முதன்முறையாக ஜப்பானுக்குச் சென்றார். அடுத்த ஆண்டுகளில் கனடாவின் மொன்றியால் நகரில் அவருடைய போட்டிகளுக்குப் பெருங்கூட்டம் சேர்ந்தது.

ஆனால், ஒரே ஊரில் தொடர்ந்து ஆடியபோது ஒரு சிக்கல் எழுந்தது. அவரை வெல்லக்கூடியவராக யாரையும் மக்கள் நம்பவில்லை. எதிர்த்து நிற்க ஆள் இல்லாத வீரரைப் பார்க்க எத்தனை முறைதான் மக்கள் வருவர்? வியப்புக்குரிய காட்சியும் பழகிவிட்டால் சலித்துவிடும் அன்றோ?

இச்சிக்கலுக்கு அமெரிக்காவின் முன்னணிப் போட்டி அமைப்பாளரான மூத்த வின்ஸ் மெக்மேன் விடை கண்டார். ஆந்த்ரேயை எந்த ஊரிலும் நெடுநாள் தங்கவிடாமல், பல்வேறு மாநிலங்களுக்கும் நாடுகளுக்கும் மாறி மாறி அனுப்பினால் அவரைக் காணும் ஆவல் குறையாது என்று அவர் கணித்தார். 'ஆந்த்ரே தி ஜயண்ட்' என்ற பெயரையும் நிலைக்கச் செய்தார். 1973ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் ஆந்த்ரே முதன்முறையாக மேடையேறினார். அதன் பிறகு அவருடைய வாழ்க்கை ஓயாத பயணமாக மாறியது. ஆண்டின் பெரும்பகுதியை அவர் சாலையிலும் வானிலுமே கழித்தார்.

பயணம் என்பது நமக்கு இன்பம். ஆந்த்ரேக்கோ அது துன்பம். விமான இருக்கைகள் அவருக்குப் போதவில்லை. விமானத்தின் கழிப்பறைக்குள் அவரால் நுழைய முடியவில்லை. தங்கும் விடுதியின் கட்டில், உணவகத்தின் நாற்காலி, மகிழுந்தின் கதவு ஆகிய யாவும் சராசரி மனிதருக்காகச் செய்யப்பட்டவை. தெருவில் இறங்கினால் கூட்டம் கூடிவிடும். மற்ற புகழாளர்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து தம்மை மறைத்துக்கொள்ளலாம். ஆந்த்ரேயால் அவ்வாறு எங்கே ஒளிந்துகொள்ள முடியும்? மேடையில் மட்டுமன்றி, மேடைக்கு வெளியேயும் அவர் எந்நேரமும் காட்சிப் பொருளாகவே இருக்க நேர்ந்தது.

இத்தகைய நிலையிலும் அவர் பழகுவதற்கு இனியவராக இருந்தார். நண்பர்களுடன் சீட்டு விளையாடுவதில் அவருக்கு அளவற்ற விருப்பம் இருந்தது. உணவு உண்ணச் சென்றால் பணம் செலுத்தும் பொறுப்பைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கவே மாட்டார். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பாகுபாடின்றி எல்லாரையும் 'பாஸ்' என்று அழைப்பது அவருடைய வழக்கம்.

உடலுக்குள் ஒளிந்திருந்த நோய்

ஆந்த்ரேயின் உடல் ஏன் இவ்வாறு வளர்ந்தது? நம் மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி இருக்கிறது. உடல் வளர்ச்சிக்குத் தேவையான ஹார்மோனை அது சுரக்கிறது. அச்சுரப்பியில் கட்டி தோன்றினால், வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கக்கூடும். எலும்புகளின் வளர்ச்சி முடிவதற்கு முன்பே இந்நிலை ஏற்பட்டால் ஒருவர் மிக உயரமாக வளர்கிறார். வளர்ச்சி நின்ற பிறகும் அச்சுரப்பு தொடர்ந்தால் கைகள், பாதங்கள், தாடை, நெற்றி எலும்பு ஆகியவை பருத்துக்கொண்டே போகின்றன. இதனை மருத்துவர்கள் அக்ரோமெகலி என்று அழைக்கின்றனர்.

இந்நோய் வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றுவதில்லை. இதயமும் பெரிதாகிறது, பருத்த இதயம் நாளடைவில் வலுவிழக்கிறது. மூட்டுகள் தேய்ந்து கடும் வலியைத் தருகின்றன. வெளியே இருந்து பார்ப்பவருக்கு வலிமையாகத் தோன்றுவது, உள்ளே உடலை அரித்துக்கொண்டிருக்கும் நோயாக இருக்கிறது.

ஆந்த்ரேக்கு இந்நோய் இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். சிகிச்சை முறைகளும் அக்காலத்தில் இருந்தன. எனினும், அவர் அந்நோய்க்குச் சிகிச்சை பெறாமலேயே வாழ்ந்தார். அவருடைய நிலையில் நம்மை வைத்துச் சிந்தித்துப் பார்ப்போம். அந்த உடல்தான் அவருக்குப் பெயரும் பொருளும் தந்தது. அதுவே அவருடைய தொழில். அதுவே அவருடைய அடையாளம். மருத்துவருக்கு நோயாகத் தெரிந்தது, விளம்பரச் சுவரொட்டியில் பெருமையாக அச்சிடப்பட்டது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர். ஆந்த்ரேயைப் பொறுத்தவரை சித்திரத்தின் புகழுக்காகச் சுவர் நாளும் சிதைந்துகொண்டிருந்தது.

1981ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவம் மேடைக் கதைக்கும் உண்மை வாழ்க்கைக்கும் இடையே இருந்த தூரத்தைக் காட்டுகிறது. அவ்வாண்டு ஆந்த்ரேயின் கணுக்கால் எலும்பு முறிந்தது. 'கில்லர் கான்' என்னும் எதிராளி மேடையில் அதனை முறித்துவிட்டதாக இரசிகர்களுக்குச் சொல்லப்பட்டது. அக்கதையை நம்பிய மக்கள், இருவரும் மீண்டும் மோதும் நாளை ஆவலோடு எதிர்பார்த்தனர். உண்மையில், ஆந்த்ரே காலையில் படுக்கையை விட்டு எழுந்தபோதே அவருடைய கணுக்கால் முறிந்திருந்தது. தம் சொந்த எடையைத் தாங்க முடியாமல் அவருடைய கால் தளர்ந்துவிட்டது. மக்களை அச்சுறுத்திய கதையைவிட அந்த உண்மைதான் அச்சம் தருவதாக இருந்தது. ஆனால், அதற்கு யாரும் நுழைவுச்சீட்டு விற்கவில்லை.

வீழ்வதற்கு இசைந்த வீரர்

1980ஆம் ஆண்டுகளில் மல்யுத்தத் தொழில் பெரும் மாற்றத்தைக் கண்டது. மூத்த மெக்மேனின் நிறுவனத்தை அவருடைய மகனான இளைய வின்ஸ் மெக்மேன் விலைக்கு வாங்கினார். கம்பிவடத் தொலைக்காட்சியின் உதவியோடு, வட்டார அளவில் நடந்துவந்த மல்யுத்தத்தை அவர் நாடு தழுவிய கேளிக்கையாக விரிவுபடுத்தினார். ஹல்க் ஹோகன் என்னும் வீரர் அதன் முகமாக விளங்கினார். அவருடைய புகழை உச்சிக்குக் கொண்டுசெல்ல மாபெரும் எதிராளி ஒருவர் தேவைப்பட்டார். அதற்கு ஆந்த்ரேயைவிடப் பொருத்தமானவர் யார்?

அவ்வேளையில் ஆந்த்ரேயின் உடல் வெகுவாகத் தளர்ந்திருந்தது. 1986ஆம் ஆண்டு அவர் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதே ஆண்டில் 'தி பிரின்சஸ் பிரைட்' என்னும் திரைப்படத்தில் ஃபெஸிக் என்ற அன்பான பேருருவராக நடித்தார். கதையில் கதாநாயகி மேலிருந்து குதிக்க, ஃபெஸிக் அவரைக் கைகளில் ஏந்திக்கொள்கிறார். திரையில் அது எளிய செயலாகத் தெரிகிறது. ஆனால், அந்த இளம் நடிகையின் எடையைத் தாங்கவும் ஆந்த்ரேயின் முதுகு இடங்கொடுக்கவில்லை. மறைவான கம்பிகளே நடிகையைத் தாங்கிப் பிடித்தன. உலகின் மிக வலிமையான மனிதர் என்று போற்றப்பட்டவரின் உண்மை நிலை அதுதான். இருப்பினும், குழந்தை மனம் கொண்ட ஃபெஸிக்காக அவர் பலரின் உள்ளங்களில் இடம்பிடித்தார்.

1987ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் சில்வர்டோம் அரங்கில் மூன்றாவது ரெசில்மேனியா நடைபெற்றது. 93,173 பேர் திரண்டதாக நிறுவனம் அறிவித்தது. உண்மை எண்ணிக்கை அதைவிடக் குறைவு என்று கருதுவோரும் உண்டு. ஆந்த்ரே 15 ஆண்டுகளாகத் தோல்வியே காணாதவர் என்றும் அவரை யாரும் தூக்கி எறிந்ததில்லை என்றும் விளம்பரங்கள் முழங்கின. அவையும் கதையின் பகுதிகளே. அதற்கு முன்பே பிற நாடுகளில் அவர் சில போட்டிகளில் தோற்றிருந்தார். சில வீரர்கள் அவரைத் தூக்கியும் இருந்தனர். எனினும், அன்று கூடியிருந்த பெருந்திரளுக்கு அக்கதையே உண்மையாக இருந்தது.

மேடைக்கு வந்த ஆந்த்ரேயின் கறுப்பு உடைக்குள் முதுகைத் தாங்கும் பட்டை கட்டப்பட்டிருந்தது. ஒவ்வோர் அடி எடுத்து வைப்பதும் அவருக்கு வேதனையாக இருந்தது. முன்புபோல் துள்ளவோ பாயவோ அவரால் இயலவில்லை. கயிறுகளைப் பற்றிக்கொண்டே அவர் தம்மை நிலைநிறுத்திக்கொண்டார். போட்டியின் இறுதியில் ஹோகன் அவரைச் சாய்த்துத் தூக்கித் தரையில் அறைந்தார். அரங்கமே அதிர்ந்தது. மல்யுத்த வரலாற்றில் மிகுதியாகத் திரையிடப்பட்ட காட்சிகளுள் ஒன்றாக அது நிலைத்துவிட்டது.

அன்று வென்றவர் ஹோகன் என்பதே பலரின் நினைவில் உள்ளது. ஆனால், ஆந்த்ரே ஒத்துழைக்காமல் அவரைத் தூக்குவது ஹோகனால் ஆகக்கூடிய செயலன்று. அறுவைச் சிகிச்சை செய்த முதுகோடு, பல்லாயிரவர் முன்னிலையில் வீழ்வதற்கு ஆந்த்ரே மனமுவந்து இசைந்தார். தமக்குப் பின் வருபவருக்குத் தம் புகழைக் கைமாற்றிக் கொடுப்பது மல்யுத்த மரபு. அந்த மரபை அவர் தம் உடலையே பணயமாக வைத்துக் காத்தார். வெல்வதற்கு மட்டுமன்று, வீழ்வதற்கும் வீரம் வேண்டும் என்பதை அவர் செயலால் உணர்த்தினார்.

இறுதிக் காலம்

அதன் பிறகும் ஆந்த்ரே ஓய்வு பெறவில்லை. 1988ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான போட்டியில் ஹோகனை வென்று வெற்றியாளர் பட்டத்தைப் பெற்றார். அந்நிகழ்ச்சியை 3 கோடியே 30 இலட்சம் பேர் கண்டதாகக் கூறப்படுகிறது. 1989ஆம் ஆண்டின் இறுதியில் ஹாக்கு என்னும் வீரருடன் இணைந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றார். பட்டங்கள் கூடின, உடல் நலமோ குன்றியது. நடப்பதற்கு ஊன்றுகோல் தேவைப்பட்டது. வலியை மறக்க அவர் மதுவை நாடினார். அதுவும் அவருடைய உடலைக் கெடுத்தது. 1992ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜப்பானில் அவர் தம் இறுதிப் போட்டிகளில் பங்கேற்றார்.

ஓய்வான நாள்களில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள எல்லர்பி என்னும் சிற்றூரில் தம் பண்ணையில் தங்கினார். நீண்ட கொம்புகளைக் கொண்ட மாடுகளை அங்கே வளர்த்தார். அவ்வூர் மக்கள் அவரை ஓர் அதிசயமாகப் பார்க்காமல், தங்களுள் ஒருவராகவே நடத்தினர். உலகம் முழுவதும் சுற்றியவருக்கு அந்தச் சிற்றூரில்தான் நிம்மதி கிடைத்தது. எனினும், தொழிலுக்காக அவர் இழந்தவை பல. அவருக்கு ஒரு மகள் இருந்தார். தந்தையும் மகளும் நேரில் சந்தித்துக்கொண்ட தருணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1993ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தந்தை போரிஸ் காலமானார். இறுதிச் சடங்கில் கலந்துகொள்ள ஆந்த்ரே பிரான்சுக்குச் சென்றார். தாயாரோடும் உடன்பிறந்தாரோடும் சில நாள்கள் இருந்தார். அம்மாதம் 28ஆம் நாள், பாரிஸ் நகரின் தங்கும் விடுதி ஒன்றில் உறக்கத்திலேயே அவருடைய உயிர் பிரிந்தது. நெடுங்காலம் அப்பேருடலுக்குக் குருதி பாய்ச்சிய இதயம் தளர்ந்து நின்றுவிட்டது. அவருடைய உடல் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு எரியூட்டப்பட்டது. அவருடைய விருப்பப்படி, சாம்பல் எல்லர்பி பண்ணையில் தூவப்பட்டது. அதே ஆண்டு, அவர் பணியாற்றிய நிறுவனம் புகழாளர் அவையைத் தோற்றுவித்தது. அவ்வாண்டு அதில் இடம்பெற்றவர் ஆந்த்ரே ஒருவரே.

நம்முன் நிற்கும் கேள்வி

ஆந்த்ரேயின் மரணத்துக்கு அவருடைய நோய் காரணம் என்று கூறி நாம் அமைதியடைந்துவிட இயலாது. ஏனெனில், அவருக்குப் பின்னரும் பல மல்யுத்த வீரர்கள் இளம் வயதிலேயே மறைந்தனர். மூன்றாவது ரெசில்மேனியாவில் பங்கேற்ற டேவி பாய் சிமித் 2002ஆம் ஆண்டு 39ஆம் வயதில் இறந்தார். ரிக் ரூட் 1999ஆம் ஆண்டு 40ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டு ஓவன் ஹார்ட், அரங்கின் கூரையிலிருந்து மேடைக்கு இறக்கப்படும்போது கருவி கழன்று கீழே விழுந்து 34ஆம் வயதில் உயிரிழந்தார். எடி கெரேரோ 2005ஆம் ஆண்டு 38ஆம் வயதில் இதய நோயால் இறந்தார்.

இம்மரணங்களுக்கு ஒரே காரணத்தைச் சுட்டிவிட முடியாது. மற்ற விளையாட்டுகளில் பருவம் முடிந்ததும் வீரர்களுக்கு ஓய்வு உண்டு. மல்யுத்தத்தில் அத்தகைய ஓய்வுக் காலம் இல்லை. ஆடினால்தான் ஊதியம் என்பதால் காயத்தோடும் பலர் மேடையேறினர். வலியைப் பொறுக்க வலி நிவாரணிகளை நாடினர். தசைகளைப் பெருக்கிக் காட்டச் சிலர் ஸ்டீராய்டு மருந்துகளைப் பயன்படுத்தினர். அவை இதயத்தைப் பாதித்தன. வீரர்கள் நிறுவனத்தின் ஊழியர்களாகக் கருதப்படாமல், தனிப்பட்ட ஒப்பந்தக்காரர்களாகவே கருதப்பட்டனர். ஆதலால், ஊழியர்களுக்குரிய மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியம் போன்ற பாதுகாப்புகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1989ஆம் ஆண்டு, நியூ ஜெர்சி மாநிலத்தில் மல்யுத்தம் போட்டி விளையாட்டன்று, கேளிக்கையே என்று மெக்மேனின் நிறுவனம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. விளையாட்டுகளுக்குரிய அரசாங்கக் கண்காணிப்பிலிருந்து விலக்குப் பெறுவதே அதன் நோக்கம். அது கேளிக்கைதான் என்பது உண்மை. ஆனால், கேளிக்கை என்று பெயர் சூட்டியதால் உடைந்த எலும்பு கூடிவிடுமா? எடி கெரேரோ இறந்த பின்னரே, 2006ஆம் ஆண்டு, அந்நிறுவனம் வீரர்களுக்கு இதயப் பரிசோதனையும் போதைப்பொருள் பரிசோதனையும் அடங்கிய நலத்திட்டத்தைத் தொடங்கியது. ஆந்த்ரேயின் மறைவுக்கும் அத்திட்டத்துக்கும் இடையே 13 ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

நிறுவனத்தை மட்டும் குறைகூறிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாமா? மேடைக்கு எதிரே அமர்ந்து கைதட்டுபவர்கள் இல்லாவிட்டால் மேடையே இல்லை. இன்னும் உயரமாக, இன்னும் பருமனாக, இன்னும் ஆபத்தாக வேண்டும் என்று பார்வையாளர் கேட்கும்போது, அந்தக் கேள்விக்குரிய விலையை மேடையில் நிற்பவரின் உடல் செலுத்துகிறது. நம்மை மகிழ்விக்கும் கலைஞரும் விளையாட்டு வீரரும் நம்மைப் போல் வலியும் களைப்பும் உடைய மனிதர்களே. அவர்கள் ஓய்வெடுக்க விரும்பும்போது அதனை மதிப்பதும், காயமுற்றவர் விலகி நிற்கும்போது எள்ளி நகையாடாமல் இருப்பதும் நாம் செலுத்தக்கூடிய சிறு நன்றிக்கடன்.

எல்லர்பியில் உள்ள சிறிய அருங்காட்சியகத்தில் ஆந்த்ரே பயன்படுத்திய பொருள்கள் இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் அளவைக் கண்டு மக்கள் வியக்கின்றனர். அந்த வியப்போடு, அவற்றைப் பயன்படுத்திய மனிதர் ஒவ்வொரு நாளும் தாங்கிய வலியையும் நினைத்துப் பார்ப்போமானால், ஆந்த்ரேயை நாம் உண்மையிலேயே அறிந்தவர்களாவோம்.